மாற்றாத கடவுச்சொல்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. அது அவர் போட்ட நிபந்தனை. நான் நாட்குறிப்பு எழுதுகிறவன் என்பது எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, தன்னைப் பற்றியும் எழுதுவதுண்டா என்று கேட்டார். எப்போதாவது என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"எழுதும். ஆனா வாசிக்கிறவைக்கு ஆர் எண்டு தெரியக்கூடாது."

ஆகவே பெயர் இல்லை. ஒழுங்கையின் பெயரும் இல்லை. ஊர்காவற்றுறைப் பக்கம் என்பதை மட்டும் விட்டுவைக்கிறேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரே வேலி. ஒழுங்கை முழுவதும் அவரை அக்கா என்றே கூப்பிட்டது. அதைக் கேட்டு வளர்ந்ததால் அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் அவரை அம்மா என்று கூப்பிடப் பழகவில்லை. அவர்களுக்கும் அவர் அக்காதான். மகள் பிரான்சிலிருந்து போன் எடுக்கும்போது, "அக்கா, சாப்பிட்டியளோ?" என்று கேட்பது வேலிக்கு இந்தப் பக்கமும் கேட்கும். கணவரை நாங்கள் சம்மாட்டி என்போம். ஒருகாலத்தில் படகும் வலையும் ஆள்களும் வைத்துக் கடல்தொழில் செய்தவர்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த போட்டோக்கொப்பிக் கடை. நான் அங்கே அலுவலகக் கடிதம் ஒன்றைப் பிரதி எடுக்கப் போயிருந்தேன். அப்போது நான் அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். அக்கா தன் அடையாள அட்டையைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். பிரதி கைக்கு வந்ததும் பேனையை எடுத்து, படத்தின் ஓரத்தை வெட்டிச் செல்வதுபோல இரண்டு சாய்கோடுகள் இழுத்தார். கோடுகளுக்கு நடுவில், எந்த அலுவலகத்துக்கு, எதற்காக, என்ன திகதியில் கொடுக்கிறார் என்பதைச் சின்ன எழுத்தில் எழுதினார்.

கடைக்காரர் சிரித்தார். அழகான படத்தைக் கெடுக்கிறீர்களே என்றார்.

"வெறுங்கொப்பி எங்கயெல்லாம் போகும் எண்டு உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கோடு போட்டா அதுக்கு ஒரு இடந்தான்," என்றார் அக்கா. பிறகு, மெஷினுக்குள் சிக்கிக் கசங்கிப்போன முதல் பிரதியைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துத் தரச் சொன்னார். கடைக்காரர் கூடைக்குள் கையை விட்டுத் தேடினார். அக்கா அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். வீட்டுக்குப் போனதும் அடுப்புக்குள் போட்டிருப்பார். வெளிநாட்டுப் பார்சல்களின் மேல் ஒட்டியிருக்கும் விலாசத்தையும் அவர் உரித்தெடுத்துத்தான் பெட்டியை எறிவார்.

கலியாணத்துக்கு முன்பு அவர் கடற்தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் தட்டெழுத்து வேலை பார்த்தவர். அந்த நாளில் பிரதி எடுக்கக் காபன் தாள் வைப்பார்கள். புதுக் காபனை ஒருமுறை பயன்படுத்திவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால், அடித்த கடிதம் முழுவதையும் வாசிக்கலாம். சங்கத்தில் ஒருவருடைய கடன் விண்ணப்பம் அப்படி வெளியே வந்து, அவருடைய மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பியதாம். அதன் பிறகு காபனைக் கிழிக்காமல் தான் கதிரையை விட்டு எழும்பியதில்லை என்றார். எழுதுகிறவன் கடிதத்தை மட்டும் பார்ப்பான், களவெடுக்கிறவன் காபனைப் பார்ப்பான் என்பது அவருடைய பேச்சு. கணினி வந்த பிறகும் அவர் அதே கண்ணோடுதான் அதைப் பார்த்தார். ஒரு வேலை முடிந்ததும், இதிலே காபன் எங்கே கிடக்கிறது என்று தேடுவார்.

கணினி என்றால் மகள் அனுப்பிய லப்டொப். அறைக்குள் அலுமாரிக்குப் பக்கத்தில், திரை சுவரைப் பார்க்க, மேசையில் இருந்தது. கமராவின் மேல் மருந்துக்கடைப் பிளாஸ்டர் துண்டொன்று ஒட்டியிருந்தது. கொம்பியூட்டருக்குக் காயம் என்று சம்மாட்டி வருகிறவர்களுக்குக் காட்டுவார். மகளோடு கதைக்கும்போது மட்டும் பிளாஸ்டரை உரித்து, கதைத்து முடிந்ததும் திரும்ப ஒட்டுவார். பிசின் போனால் புதுத் துண்டு.

ஒழுங்கையில் வேறு சிலரும் அந்த லப்டொப்பில் வந்து வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கதைப்பார்கள். அக்கா ஒருவரையும் வேண்டாம் என்றதில்லை. ஆனால் அவர்கள் கடவுச்சொல்லை அடிக்கத் தொடங்கினால் எழும்பிப்போய்ச் சுவரில் இருந்த திருஇருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "அடிச்சிட்டன் அக்கா" என்ற பிறகுதான் திரும்புவார். அவர்கள் போகும்போது கணக்கை மூடாமல் போனால், தலையைச் சரித்து, எழுத்து கண்ணில் விழாமல் மூடிவிடுவார். உடுப்பு விலகிக் கிடக்கிற நோயாளிக்குப் போர்வையை இழுத்துவிடுவதுபோல.

"இவவின்ர கொம்பியூட்டருக்குத் தெரிஞ்சதில பாதி எனக்குத் தெரியாது," என்று சம்மாட்டி ஒருநாள் என்னிடம் சொன்னார்.

"கொம்பியூட்டர் கள்ளுக் குடிக்கத் தவறணைக்குப் போறதில்லை," என்று சமையல் குசினிக்குள்ளிருந்து அக்காவின் பதில் வந்தது.

ஒவ்வொரு கணக்குக்கும் அவர் வெவ்வேறு கடவுச்சொல் வைத்திருந்தார். எங்கேயும் எழுதிவைக்கவில்லை. எப்படி நினைவில் நிற்கிறது என்று எனக்கு வியப்பு. சில காலம் கழித்துக் கண்டுபிடித்தேன். அடிக்கும்போது அவர் மெல்ல முனகுவார். கோயிலில் பாடுகிற பாட்டுகள். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பாட்டின் ஒரு வரி. அந்த வரியிலுள்ள சொற்களின் முதல் எழுத்துகள். நல்ல முறைதான் என்று பாராட்டுவதாக நினைத்து அவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. நீர் கண்டுபிடித்தீர் என்றால் இன்னொருவனும் கண்டுபிடிப்பான் என்றார். அடுத்த நாள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். அதன் பிறகு அவர் முனகியதை நான் கேட்கவில்லை.

ஒழுங்கையில் அவரைப் பகிடி பண்ணாதவர்கள் இல்லை. மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் பாதி ஒழுங்கை வான் வண்டி பிடித்துப் போன வருடம், தானும் போவதை அக்கா வான்காரரைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. வான் வாசலில் வந்து நின்றபோது பையோடு வெளியே வந்தார். முன்வீட்டுப் பெண் ஒருவர், "என்னக்கா, மாதாவுக்கும் சொல்லாமலோ போறியள்?" என்று கேட்டார். அதே பெண் மடுவில் சமைத்ததையும் கூடாரம் அடித்ததையும் குடும்பமாக நின்றதையும் அன்றன்றே முகநூலில் போட்டார். திரும்பி வந்தபோது அவர்களுடைய கிணற்றடியில் தண்ணீர்ப் பம்பு இல்லை.  அக்கா தன்னுடைய பம்பிலிருந்து அவர்களுக்குக் குழாய் இழுத்துக் கொடுத்தார். பகிடி கொஞ்ச நாள் குறைந்தது.

இனி மகனைப் பற்றி. அக்கா அவரைப் பற்றிக் கதைப்பதில்லை. ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரிந்ததே எனக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் கணினி படித்துக்கொண்டிருந்தார். போரின் கடைசி வருடங்கள். ஒருநாள் காலை பஸ்ஸில் போனவர் பின்னேரப் பஸ்ஸில் வரவில்லை. அதன் பிறகு எந்தப் பஸ்ஸிலும் வரவில்லை. தாயும் தகப்பனும் போகாத அலுவலகம் இல்லை. யார் கேட்டாலும் அவனுடைய படத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் கொடுத்தோம் என்று சம்மாட்டி ஒருமுறை சொன்னார். விசாரித்துச் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனவர்களில் சிலர் யாரென்றே தெரியாதாம். பிரதியில் கோடு போடும் பழக்கம் அதற்கு முன்பே இருந்ததா, பிறகு வந்ததா என்று நான் கேட்கவில்லை.

சம்மாட்டி நெஞ்சுவலியால் இறந்தார். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் மரண அறிவித்தல் போடவேண்டும். இப்போது அது இணையத்திலும் வருகிறது. பிறந்த இடம், வாழ்ந்த இடம், பெற்றோர், மாமன் மாமி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சகோதரங்கள், அவர்கள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அடியில் நாலைந்து நாட்டுத் தொலைபேசி இலக்கங்கள். ஒரு குடும்பத்தின் முழு வரைபடம். துக்கம் விசாரிக்க வசதியாக எங்கள் ஆட்கள் இதைத் தாங்களே எழுதித் தாங்களே காசு கொடுத்துப் போடுவார்கள். ஒரு பெயர் விடுபட்டால் சண்டை வரும்.

மருமகன் பிரான்சிலிருந்து எழுதி அனுப்பிய அறிவித்தலை அக்கா என்னிடம் கொண்டுவந்தார். தேவையில்லாததைத் தடித்த கோடு போட்டு வெட்டியிருந்தார். பேரப்பிள்ளைகளின் பெயர்கள் போயிருந்தன. தன்னுடைய தகப்பனின் பெயரும் போயிருந்தது. இலக்கங்களில் அக்காவுடையதும், மண்டைதீவில் இருந்த சம்மாட்டியின் தங்கையுடையதும் மட்டும் மிஞ்சியிருந்தன. ஆனால் பிள்ளைகள் வரிசையில் அவர் ஒன்றைச் சேர்த்திருந்தார். மருமகன் மகனுடைய பெயரை என்ன செய்வதென்று தெரியாமல் விட்டிருந்தார். இறந்த பிள்ளை என்றால் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவது வழக்கம். அக்கா அப்படிப் போடவில்லை. காணாமற்போனவர் என்றும் போடவில்லை. மகளுடைய பெயருக்குக் கீழே மகனுடைய பெயர், அவ்வளவுதான். இருக்கிற பிள்ளையை எழுதுவதுபோல.

"இப்பிடியே போகட்டும்," என்றார்.

படமும் அவர் தெரிந்தெடுத்ததுதான். சம்மாட்டி நடுவயதில், சேட்டுக் கையை மடித்துவிட்டு, தன் படகில் ஒரு கையை ஊன்றி நின்று சிரிக்கிற படம். அந்தப் படகு போர்க்காலத்தில் கரையிலேயே உடைந்து இல்லாமல் போய்விட்டது. எல்லாவற்றையும் வெட்டுகிற அக்கா அறிவித்தலில் விட்டுக்கொடுத்தவை இந்த இரண்டுமே: மகனுடைய பெயரும் இந்தப் படமும்.

முப்பத்தோராம் நாள் நினைவு கழிந்த பிறகு குடும்பத்துக்குள் தொல்லைகள் தொடங்கின. மண்டைதீவுத் தங்கைக்கு ஒருவர் போன் எடுத்து, சம்மாட்டியோடு முந்தித் தொழில் செய்தவன் என்று சொல்லி அழுதிருக்கிறார். தங்கையும் சேர்ந்து அழுது, அக்காவின் மின்னஞ்சல் விலாசம் உட்பட, கேட்டதெல்லாம் சொல்லியிருக்கிறார். இரண்டு நாளில் அவருடைய முகநூல் அவருடைய கையில் இல்லை. அதிலிருந்து சொந்தக்காரர்களுக்கு உதவி கேட்டுச் செய்திகள் போயின.

ஒரு சனிக்கிழமை காலை அக்கா லப்டொப்பைத் துவாயில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய பழைய மின்னஞ்சல் கணக்கு ஒன்றுக்குள் யாரோ நுழையப் பார்த்ததாகவும், கடவுச்சொல் பிழை என்பதால் முடியவில்லை என்றும் அறிவிப்பு வந்திருந்தது. அப்படிப் பல அறிவிப்புகள். இது சின்ன வேலை, கடவுச்சொல்லை உடனே மாற்றிவிடுவோம் என்றேன்.

"இதை மாத்த ஏலாது."

ஏன் என்று கேட்டேன். துவாயை மடித்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தது மகன். இருவரும் சேர்ந்து பாவித்த கணக்கு. அவர் யாழ்ப்பாணத்தில் தங்கும் நாட்களில் அதற்குள் எழுதிவைப்பார், தாய் இங்கே திறந்து வாசிப்பார். கடவுச்சொல்லும் மகன் வைத்ததுதான். சாவிக்கு நாங்கள் சொல்கிற திறப்பு என்ற சொல்லால்தான் அவர் அதைச் சொல்வார். 'ரெண்டு பேருக்கும் ஒரே திறப்பு, அக்கா. மாத்திப்போடாதேங்கோ' என்று சொல்லியிருந்தாராம். மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை அடிக்கடி மாற்றுகிற அக்கா, மகன் போன நாளிலிருந்து இதில் கை வைக்கவில்லை.

"பிழையா அடிச்சவன் அவனில்லை," என்றார். "அவனுக்குத் திறப்புத் தெரியும்."

இத்தனை வருடத்தில் எவருக்கும் ஒரு சொல் மறந்துபோகலாம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. கடவுச்சொல்லை மாற்றாமலே இன்னொரு கதவு போடலாம் என்று மட்டும் சொன்னேன். கடவுச்சொல் சரியாக இருந்தாலும் கணக்கு உடனே திறக்காது; அக்காவின் போனுக்கு ஓர் இலக்கம் வரும்; அந்த இலக்கத்தையும் அடித்தால்தான் திறக்கும். அவர் உன்னிப்பாகக் கேட்டார்.

"கடவுச்சொல்லைப் பிழையா அடிச்சாலும் இலக்கம் வருமோ?"

வராது, சரியாக அடித்தால் மட்டுந்தான் வரும் என்றேன்.

"அப்ப எனக்கு இலக்கம் வந்தா, வாசல்ல நிக்கிறது திறப்புத் தெரிஞ்ச ஆள்."

ஓம் என்றேன். அந்த நேரத்தில் வாசலில் நிற்கிற ஆளுக்குத் திரையில் என்ன தெரியும் என்று கேட்டார். அதை அறிய, அந்த இரண்டாவது கதவைப் போட்டுவிட்டு என்னுடைய கணினியில் சோதித்துப் பார்த்தோம். அவர் கடவுச்சொல்லை அடித்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பியபோது அவருடைய போன் சத்தம் போட்டது. திரையில், இன்ன இரண்டு எண்களில் முடிகிற தொலைபேசிக்கு இலக்கம் அனுப்பியிருக்கிறோம் என்று வந்திருந்தது. அக்கா அந்த இரண்டு எண்களையும் விரலால் தொட்டார். போன் எத்தனையோ மாறியிருந்தது, ஆனால் தன் தொலைபேசி இலக்கத்தை அவர் மாற்றவில்லை. மகன் எடுத்துக்கொடுத்த சிம் அது.

"இந்த ரெண்டு எண்ணையும் பாத்தா நான் இருக்கிறன் எண்டு அவனுக்கு விளங்கும்," என்றார். "விளங்கினா எடுப்பான்."

அன்றிலிருந்து அந்தப் போன் அவருடைய கையை விட்டுப் பிரியவில்லை. குளிக்கப் போனால் பொலித்தீன் பையில் போட்டுக் கிணற்றடிக் கொடியில் தொங்கவிடுவார். கோயிலில் பூசைக்கு முன்பு எல்லோரையும் போனை அணைக்கச் சொல்வார்கள். அக்கா கடைசி வாங்குக்கு, கதவோர இருக்கைக்கு மாறிக்கொண்டார். "சுவாமி, என்ர போனை மட்டும் விட்டுவிடுங்கோ," என்று பாதிரியாரிடம் கேட்டாராம். சுவாமியார் காரணம் கேட்கவில்லை.

சில மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் முற்பகல், இரவலாக வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க அவர் வளவுக்குள் போனேன். அக்கா கிணற்றடியில் உட்கார்ந்து ஒட்டி மீன் உரித்துக்கொண்டிருந்தார். கொடியில் தொங்கிய போன் சத்தம் போட்டது. வழக்கமாகக் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் எதையும் தொடுவார். அன்று துடைக்கவில்லை. பையைப் பிய்த்துப் போனை எடுத்துப் பார்த்தார். பிறகு கிணற்றுக்கட்டில் மெதுவாக அமர்ந்தார்.

நான் ஏணியைச் சுவரில் சாத்திவிட்டுத் திரும்பியபோது போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இலக்கம் வந்திருந்தது. அவர் எந்தக் கணக்கையும் திறக்கவில்லை. லப்டொப் அறைக்குள் மூடியிருந்தது. அந்த முகத்தை நான் விவரிக்கப்போவதில்லை. பத்துப் பதினைந்து வயது குறைந்த ஒருவருடைய முகம் என்று மட்டும் சொல்லலாம்.

உடனேயே அழைப்பும் வந்தது. தெரியாத இலக்கம். கையில் நீரும் செதிலும் இருந்ததால் அவர் போனைக் கட்டின் மேல் வைத்து ஒலிபெருக்கியை அழுத்தினார். ஆண் குரல். எங்கள் பக்கத்துத் தமிழ்.

"அம்மா, நான்தான்." மகனுடைய பெயரைச் சரியாகச் சொன்னது. "உங்களுக்கு இப்ப ஒரு இலக்கம் வந்திருக்கும். அதை ஒருக்காச் சொல்லுங்கோ அம்மா. மிச்சம் பிறகு கதைப்பம்."

அக்கா கண்ணை மூடினார். திறக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பேசியபோது குரல் வழக்கமான குரல்தான்.

"தம்பி, நீர் ஆரின்ர பிள்ளை?"

"என்னம்மா, உங்கட பிள்ளையைத் தெரியேல்லையோ?"

"இந்த இலக்கத்தை ஒருதருக்கும் சொல்லக்கூடாது எண்டு இதிலயே எழுதிக்கிடக்கு, தம்பி. வைக்கிறன்."

வைத்தார். அதற்குப் பிறகு மீதி மீனையும் உரித்து, வெட்டி, கழுவி, சட்டியில் போட்டு மூடினார். நான் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"அம்மா எண்டான்."

அதை அவனிடமே சொல்லி ஏசியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா, அடுத்தமுறை அக்கா எண்டு எடுப்பான்."

கடவுச்சொல் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்பது எங்களுக்குப் பின்னேரம் விளங்கியது. அக்கா மரண அறிவித்தலைத் திறந்து சம்மாட்டியின் படத்தைப் பெரிதாக்கினார். சிரிக்கிற முகம் மேலே போனது, ஊன்றிய கை போனது, படகின் முன்பக்கத்து அணியம் வந்தது. அதில் படகின் பெயரும் பதிவு இலக்கமும் வெள்ளைப் பெயின்றில் தெளிவாக இருந்தன. தாய் மறக்கக் கூடாது என்று மகன் அந்தப் பெயரையும் இலக்கத்தையும் சேர்த்துத்தான் கடவுச்சொல் செய்திருந்தார். படகு உடைந்து எத்தனையோ வருடம். இனி அது ஒருவர் கண்ணிலும் படாது என்று அக்கா நம்பியிருந்தார். அந்தப் படத்தைத் தெரிந்தெடுக்கும்போது அவர் புருசனைப் பார்த்தாரே தவிர, பின்னால் நின்ற படகைப் பார்க்கவில்லை. மகனுடைய பெயர் எங்கிருந்து கிடைத்தது என்பதை நாங்கள் தேடவேண்டியிருக்கவில்லை. அது அதே பக்கத்தில், இருக்கிற பிள்ளையின் பெயராக, அவர் எழுதச் சொன்ன இடத்திலேயே இருந்தது.

"காபன்," என்றார் அக்கா.

மருமகனுக்குச் சொல்லிப் படத்தை எடுப்பித்தார். பெயரை எடுக்கச் சொல்லவில்லை. பிறகு அந்தக் கணக்குக்குள் போய், இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தார். மகளுடைய கடவுச்சீட்டுப் பிரதி, பழைய கடிதங்கள், படங்கள். மகன் எழுதியவற்றை அழிக்கும் முன் வேறொரு இடத்துக்கு மாற்றினார். எங்கே என்று நான் பார்க்கவில்லை. முடிவில் உள்ளே ஒன்றும் இல்லை.

இப்போதாவது கடவுச்சொல்லை மாற்றவேண்டும் என்று சொன்னேன். திறப்பு களவு போய்விட்டது. இனி அவன் எத்தனை தரமும் தட்டுவான். ஒவ்வொரு முறையும் போன் சத்தம் போடும். எது யார் என்று தெரியாது. முன்பு அந்தச் சத்தத்துக்கு ஒரே பொருள்தான் இருந்தது. இனி அப்படியில்லை. இதை நான் இவ்வளவு நேராகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னேன்.

அக்கா விசைப்பலகையின் மேல் கையை வைத்தபடி இருந்தார்.

"மாத்தினா, அவன் வந்து அடிக்கேக்க என்னெண்டு சொல்லும்?"

பிழை என்று சொல்லும் என்றேன்.

"என்ர பிள்ளைக்குப் பிழை எண்டு சொல்ல மாட்டன், தம்பி." லப்டொப்பை மூடினார். "கள்ளன் தட்டினாத் தட்டட்டும். உள்ளுக்கு ஒண்டும் இல்லை. நான் எழும்பி எழும்பிப் பாக்கிறன்."

அப்படியே செய்தார். போன் சிலவேளை ஒரே நாளில் இரண்டு முறை சத்தம் போடும். சில வாரங்கள் பேசாமல் கிடக்கும். ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்ப்பார். அழைப்பு வந்தால் முதல் சொல்லைக் கேட்பார். கேட்டுவிட்டு, ஏசாமல், சத்தம் போடாமல், வைப்பார். கள்ளனுக்கும் அலுத்திருக்க வேண்டும், மெல்லக் குறைந்தது. ஒருமுறை நான் வேலியோரம் நிற்கும்போது அப்படி வைத்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்கும் ஒரு தாய் இருப்பாள்தானே. அவளுக்கும் இப்பிடித்தான் எடுக்கிறானோ தெரியாது," என்றார்.

முழங்கால் வருத்தம் கூடி, தனியே இருக்க முடியாமல் போனபோது மகள் வந்து பிரான்சுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அக்கா அதிகம் மறுக்கவில்லை. வீட்டைப் பார்க்கச் சொல்லி எனக்குத் திறப்பைத் தந்தார். லப்டொப்பைத் துடைத்துத் தன்னோடு எடுத்துக்கொண்டார். வான் வந்து நின்ற பிறகு, கைப்பையிலிருந்து அந்தப் போனையும் சார்ஜரையும் எடுத்து என் கையில் வைத்தார். அந்த சிம்முக்கு வெளிநாட்டில் செய்திகள் ஒழுங்காக வராது என்று விசாரித்து அறிந்திருந்தார். யாருக்கும் எதையும் காட்டாதவர், தன்னுடைய பெயரில் உள்ள போனை, ஒரு கோடும் போடாமல், இன்னொருவர் கையில் கொடுத்ததை நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

"வாற இலக்கத்தை ஒருதருக்கும் சொல்லாதேயும்," என்றார். "முதல் சொல்லைக் கேளும். அந்தச் சொல் வந்தா மட்டும் எனக்கு எடும். என்ன நேரம் எண்டாலும்."

வான் போனது. மகள் பின்கண்ணாடியால் கை காட்டினார். அக்கா முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பிள்ளைகள் அவரைக் கூப்பிட்ட சொல் நான் மேலே எழுதியது அல்ல. ஒழுங்கையில் நாங்கள் கூப்பிட்டதும் அதுவல்ல. அந்தச் சொல்லை மட்டும் முழுக்க மாற்றியிருக்கிறேன். காரணம் விளங்கும் என்று நினைக்கிறேன்.

போன் இப்போது என் மேசையில், மின் இணைப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிம் செத்துப்போகாமல் அவ்வப்போது காசு போடுகிறேன். எப்போதாவது சத்தம் போடும். எழும்பிப் போய்ப் பார்ப்பேன். சில தடவை அழைப்பு வந்தது. சில தடவை வரவில்லை. வந்த குரல்கள் எல்லாம் அம்மா என்றுதான் தொடங்கின. அடையாள அட்டைப் பிரதி கொடுக்க நேர்ந்தால் நானும் இரண்டு கோடு போட்டு, நடுவில் காரணம் எழுதிக் கொடுக்கிறேன். கடைக்காரர் இப்போது சிரிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பிரான்சிலிருந்து எடுப்பார். பூசைக்கு யார் வந்தது, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, முன்வீட்டுப் பெண் முகநூலில் புதிதாக என்ன போட்டார் என்றெல்லாம் கேட்பார். போனுக்கு ஏதாவது வந்ததா என்று மட்டும் இதுவரை கேட்டதில்லை. வைப்பதற்கு முன்பு ஒரு கேள்வி உண்டு.

"சார்ஜ் இருக்கோ, தம்பி?"

"இருக்கு," என்கிறேன்.